இழப்பைப் பங்கிடும் தலைமை

நெருக்கடி வந்தால் ஒவ்வொரு தலைவரும் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சை நம்பலாமா என்பதை, இழப்பு முதலில் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் குழுவில் உள்ளவர்கள் முடிவு செய்கிறார்கள்.

2010 ஆகஸ்ட் 5 அன்று சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் இடிந்து, 33 தொழிலாளர்கள் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். முதல் 17 நாள்கள் வெளியுலகத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத நிலையில், இரண்டு மூன்று நாள்களுக்கே போதுமான உணவை, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு கரண்டி டூனா மீன் என்ற அளவில் பகிர்ந்து உண்டார்கள். முக்கியமான முடிவுகளை வாக்கெடுப்பின் மூலம் எடுத்தார்கள். ஷிஃப்ட் மேற்பார்வையாளரான லூயிஸ் உர்சுவா, அக்டோபர் 13 அன்று சக தொழிலாளர்கள் எல்லோரும் மேலே போன பிறகு கடைசி ஆளாக வெளியே வந்தார். உலகம் அந்தக் கடைசிக் காட்சியைத்தான் கொண்டாடியது. எனக்கோ, மேற்பார்வையாளருக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் ஒரே அளவாக இருந்த அந்த இரண்டு கரண்டிதான் பெரிதாகத் தெரிகிறது. ஏனெனில், எவரும் பார்க்காத இருட்டில், மீட்பு வருமா என்றே தெரியாதபோது கடைப்பிடித்த நேர்மை அது.

அலுவலகத்திலும் இது நடக்கக்கூடியதே. வீ யூ என்ற வீடியோ கேம் கருவியின் விற்பனை சரிந்தபோது, 2014 ஜனவரியில் அதைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாட்டா தமது ஊதியத்தை ஐந்து மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வேலை பறிபோகுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர்களால் நல்ல மென்பொருளை உருவாக்க முடியாது என்று அதற்கு முந்தைய ஆண்டே பங்குதாரர்களிடம் அவர் விளக்கியிருந்தார்.

எல்லா நிறுவனங்களாலும் ஆட்குறைப்பைத் தவிர்க்க முடியாது என்பதை ஏற்கிறேன். அப்போதும், கையிருப்பு எத்தனை மாதங்களுக்குத் தாங்கும், எந்த அளவுகோலின்படி முடிவெடுக்கப்படும் என்பதைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். மறைத்தால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது. சக ஊழியரே போட்டியாளராகத் தெரியத் தொடங்குகிறார்.

இதில் பெரும்பாலும் மறக்கப்படுவது, நிலைமை சீரான பின் வரும் கட்டம். குறைத்த ஊதியத்தைத் திருப்பித் தரும்போது குறைந்த சம்பளக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும் என்றும், அந்த வரிசையை, ஊதியத்தைக் குறைக்கும் நாளிலேயே எழுத்தில் தர வேண்டும் என்றும் நான் உறுதியாக நினைக்கிறேன்.