கேட்காமல் என் நோட்டைத் தொடாதீர்கள்

ஓடும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் மணிபர்ஸைக் கையில் எடுத்துத் திறந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிட்டு, “நீங்களும் பாருங்க” என்று பின்னிருக்கைக்கு நீட்டுகிறவரை யாராவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. என் வரைநோட்டை மட்டும் அப்படி எடுக்கலாம் என்று கூட வரும் பயணிகளுக்கு யார் உரிமை எழுதிக் கொடுத்தார்கள்? ஒரு வார்த்தை கேட்பதில்லை. கை நீள்கிறது, மடியிலிருந்த நோட்டு போகிறது, மை காயாத பக்கத்தின்மேல் யாரோ ஒருவரின் கட்டைவிரல் பதிகிறது.

நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பைக்குப் போகும் பேருந்திலும், திருச்செந்தூர்ப் பேருந்திலும் உட்கார்ந்து நான் வரைவது என் சொந்தக் கதாமாந்தர்களை. எந்தப் படத்திலும் எந்தக் கார்ட்டூனிலும் இல்லாத, என் கதைகளுக்காக நானே உருவாக்கிய மனிதர்கள் அவர்கள். முகம் சீக்கிரம் அமைந்துவிடும். உடை அமைவதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டைப் பயணத்தில் படுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைப் பொம்மைக்கு உடுத்திய துணியிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கம்பியைப் பிடித்து நிற்பவரின் சட்டை அக்குளிலிருந்து எந்தத் திசையில் இழுபடுகிறது, கூடையோடு படியேறும் பெண் கொசுவத்தை எந்த இடத்தில் பற்றித் தூக்குகிறார், மடித்துக் கட்டிய வேட்டி அதைக் கட்டியவர் உட்காரும்போது எப்படி ஒதுங்குகிறது என்பதையெல்லாம் ஆட்கள் ஏறி இறங்கும் பேருந்தில்தான் பார்க்க முடிகிறது. பார்த்த நொடியில் அந்த மடிப்பைக் குறித்துக்கொள்ளாவிட்டால், அடுத்த நிறுத்தத்தில் அந்த ஆள் இறங்கிப் போய்விடுவார்.

இப்போது என் நோட்டில் இருப்பவள் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் பனையேறும் குடும்பத்துப் பெண். இரவில் ஊருக்கு ஊர் செய்தி கொண்டுபோகிறவள். அவளுக்கு ஒரு பாவாடையை மாட்டித் தலையில் பூவை வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. மரமேறுவதற்குக் கால்கள் தாராளமாக விலக வேண்டும். ஆகவே முன்கொசுவம் உதவாது, பின்கொசுவமோ, கால்களுக்கிடையே இழுத்துப் பின்னால் செருகும் தார்ப்பாய்ச்சோதான் சரிப்படும். பாதங்களைப் பிணைக்கும் தளைநாரை ஏறாத நேரத்தில் எங்கே தொங்கவிடுவாள்? பாளை அரிவாள் வைக்கும் பெட்டி இடுப்பில் எந்தப் பக்கம் இருந்தால் மரத்தில் இடிக்காமல் வலக்கைக்கு எட்டும்? பனையின் சொரசொரப்பு நெஞ்சையும் முழங்கையின் உட்பக்கத்தையும் உரசிப் புண்ணாக்கும். அதற்கு என்ன காப்பு? பாய்க்குப் பேர்போன பத்தமடையைக் கடக்கும்போதுதான் இதற்கு விடை தோன்றியது. கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய் துணியைப் போலவே மடியும். அதில் ஒரு துண்டை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துத் தோளில் முடிச்சிட்டால் வேர்வையும் தங்காது, தோலும் பிழைக்கும். முடிச்சு முன்தோளிலா பின்தோளிலா என்று மூன்று சிறு படங்களாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நோட்டு என் கையிலிருந்து பறிபோனது. “இவ எந்தப் படத்துல வாரா?” என்று ஒரு குரல். “டெய்லரிங் படிக்கியாம்மா?” என்று இன்னொன்று. “என்னய ஒண்ணு வரைஞ்சு தாயேன்” என்று மூன்றாவது. நோட்டு திரும்பி வந்தபோது அந்த முடிச்சைப் பற்றிய எண்ணம் முழுவதும் கலைந்திருந்தது.

பறித்ததோடு விட்டாலாவது பொறுக்கலாம், திருத்தவும் வருகிறார்கள். தலைவி ஒருத்திக்கு ஆதிச்சநல்லூர்ப் பொற்பட்டத்தை நெற்றியில் கட்டியிருந்தேன். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டியபோது கிடைத்த பொருள்களில் அந்தப் பட்டங்களும் உண்டு. மெல்லிய பொன் தகடு, நீள்வட்ட வடிவம், இரு முனைகளிலும் கயிறு கோத்துக் கட்டத் துளை. அந்தக் கயிறு பருத்தியா நாரா, கூந்தலுக்கு மேலே போகுமா அடியில் போகுமா என்று யோசித்து, பின்பக்கத் தோற்றத்தைத் தனியாக வரைந்து, அதற்கு ஏற்பக் கொண்டையையே மாற்றியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் “நெத்திச்சுட்டியைத் தப்பா வரைஞ்சிருக்கம்மா” என்று சொல்லிக்கொண்டே தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, நான் தடுப்பதற்குள் நடு வகிட்டிலிருந்து ஒரு சங்கிலியை இழுத்துவிட்டார். நீல மை. அழிக்க முடியாது. முன், பக்கம், பின் என மூன்று தோற்றங்களும் இருந்த தாள் அது. நான் முகம் சிவந்ததைப் பார்த்து, “நல்லதுக்குத்தானே சொன்னேன்” என்று அவர்தான் கோபித்துக்கொண்டார். அந்தப் பேருந்து சற்று முன்புதான் கிருஷ்ணபுரத்தைத் தாண்டி வந்திருந்தது. அங்கே வேங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் குறத்திக்கு ஓர் உடை, இளவரசிக்கு ஓர் உடை, வீரபத்திரருக்கு வேறோர் உடை என்று நாயக்கர் காலத்துச் சிற்பிகள் மடிப்பு மடிப்பாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உடையை யோசித்துப் படைப்பது இந்த மண்ணில் நேற்று முளைத்த பொழுதுபோக்கு இல்லை. அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு பெண் நோட்டில் அதைச் செய்தால் யார் வேண்டுமானாலும் பேனாவை எடுக்கலாம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைவிடக் கேவலமான பேச்சும் உண்டு. உடம்பில்லாமல் உடை நிற்காது. தலையின் அளவைக் கொண்டு ஏழரைத் தலை உயரத்தைப் பிரித்து, தோள் எந்தப் பக்கம் தாழ்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று லேசான பென்சில் கோடுகளில் உடம்பை நிறுத்திய பிறகுதான் அதன்மேல் துணியைப் போர்த்த முடியும். அந்த முதற்கோடுகளை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, “வயசுப்பிள்ளை பஸ்ஸுல வச்சு என்னத்த வரையுது பாரு” என்று நான் கேட்கும்படியாகவே பேசுகிறார்கள். இதே பெண் தனியறையில் ஒளிந்து வரைந்தால் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார்கள். என்னுடைய வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் என் நடத்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற இந்தத் துணிச்சலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்தது கைப்பேசி. தோளுக்கு மேலே நீட்டி, வரைவதை வீடியோ எடுத்து, அன்று மாலையே ஒரு பாட்டைப் பின்னணியில் ஓட்டிப் போட்டுவிடுகிறார்கள். என் பெயர் இருப்பதில்லை. படம் இருக்கிறது, உடையின் அமைப்பு முழுதாக இருக்கிறது, சில வேளைகளில் என் முகமும் இருக்கிறது. இந்திய நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியம் தாளில் உருவான உடனேயே அதன் உரிமை வரைந்தவரைச் சேருகிறது. எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது. வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். அரைகுறையாக வண்ணம் தீட்டிய பக்கத்துக்கும் அந்த உரிமை உண்டு. “பொது இடத்துல வரைஞ்சா எடுக்கத்தான் செய்வாங்க” என்று சொல்கிறவர்கள், பொது இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதாலேயே என் வேலை பொதுவாகிவிடாது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

“நீயும் மற்றவர்களின் சேலையையும் வேட்டியையும் பார்த்துத்தானே வரைகிறாய்?” என்று ஒரு கேள்வியும் வரும். பார்க்கிறேன். ஆனால் யாருடைய முகத்தையும் நான் எடுப்பதில்லை. ஒரு முடிச்சு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேட்கிறேன். சேரன்மகாதேவியில் ஏறிய ஓர் ஆச்சியின் காதில் பாம்படம் ஆடிக்கொண்டிருந்தது. உருண்டையும் சதுரமும் தகடுமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய அந்த நகையை இவ்வளவு பக்கத்தில் பார்க்க இனி எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? “ஆச்சி, ஒங்க பாம்படத்தை வரைஞ்சுக்கிடட்டுமா?” என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக் காதைக் காட்டினார். உள்ளே அரக்கு அடைத்திருப்பதால்தான் பார்வைக்குப் பெரிதாக இருந்தும் அந்த அளவுக்குப் பவுன் இல்லை என்று தானாகவே சொன்னார். வரைந்து முடித்ததும் அவரிடம்தான் முதலில் காட்டினேன். அவர் நோட்டை வாங்குவதற்கு முன் முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தையே பார்த்திராத அந்த மனுஷிக்குத் தெரிந்த மரியாதை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலுவலகம் போகிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கேட்டால் காட்டுவேன், தளைநார் ஏன் அந்த இடத்தில் தொங்குகிறது என்பதைக்கூட மகிழ்ச்சியாக விளக்குவேன். பிள்ளைகள் கேட்டால் தாளும் பென்சிலும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். ஆனால் இனிமேல் கேட்காமல் நீளும் கையை ஜன்னல் பக்கம் ஒதுங்கித் தவிர்க்கப் போவதில்லை. “கையை எடுங்க” என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். தோளுக்கு மேல் கைப்பேசி வந்தால் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், அந்த வீடியோவை அழிக்கச் சொல்வேன். அழிக்க மறுத்தால் நடத்துநரைக் கூப்பிடுவேன், அவரும் சிரித்து மழுப்பினால் வண்டி எந்தக் காவல் நிலையத்தைத் தாண்டுகிறதோ அங்கே நிறுத்தச் சொல்வேன்.