அந்தப் பிள்ளையிடம் ஏன் காரணம் கேட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாட்களாகப் பொறுத்திருந்தேன். அதையே பகிடி என்று சொல்லிக் காணொளியாகச் சுற்றவிட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை எழுந்து, சில நாட்களில் ஒரு காரணமும் இல்லாமல் மனம் சோர்ந்துவிடுகிறது, அந்த நாளை எப்படிக் கடப்பது என்று கேட்டாள். மேடையில் இருந்த பெரியவர், "யுத்தத்தைக் கண்டோம், சுனாமியைக் கண்டோம், எங்களுக்கு வராத சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது பிள்ளை? போனில் சார்ஜ் இல்லையோ?" என்றார். மண்டபமே சிரித்தது.

அவள் கேட்டது எப்படி என்று. அவர் கேட்டது ஏன் என்று. எனக்குள்ள கோபம் இவ்வளவுதான். கடல் சரியில்லை, இன்று தொழிலுக்கு இறங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், கடல் ஏன் சரியில்லை என்று இந்த ஊரில் எவரும் அவரை மறித்து விசாரிப்பதில்லை. மனத்துக்கு மட்டும் காரணச் சான்றிதழ் கேட்கிறோம், அதுவும் கிராம அலுவலர் கையொப்பத்துடன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் சுகம், கடன் தொல்லை இல்லை, தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைகளுக்கும் அவசரமில்லை. அப்படியிருந்தும் ஊற்றிய தேநீரில் ஆடை படியும்வரை குசினிக் கதவடியில் வெறுமனே நின்றேன். மீன்காரர் ஹோர்ன் அடித்தபோது வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் அரைக் கிலோ சூடை வாங்கிவிட்டேன். வாங்கியதை வெட்டாமல் வைக்க முடியுமா? கிணற்றடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செதிள் உரசி, தலையைக் கிள்ளி, அதோடு குடலையும் இழுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை தன் பங்குக்காகக் காத்திருந்தது. கடைசி மீனைக் கழுவியபோது மகிழ்ச்சி ஒன்றும் வந்துவிடவில்லை, மத்தியானம் வந்திருந்தது. அந்த நாளுக்கு அது போதும்.

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. மனம் சரியானபின் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திராமல், சிறிய வேலை ஒன்றைத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பதை, 1970களிலேயே பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் மனச்சோர்வுக்கான சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தார். காலையில் எழும்பிக் கோணேசர் கோவிலுக்கு நடந்துபோ என்று பெரியவர் பின்னர் சொன்னாரே, அதுவும் ஏறக்குறைய இதே மருந்துதான். திருகோணமலைக் கோட்டை வாசலால் ஏறி, மான்களைப் பார்த்துக்கொண்டு கோவில் இருக்கும் சுவாமி மலைவரை நடந்தால் எவருக்கும் கொஞ்சம் ஆறும். மருந்தில் பிழையில்லை ஐயா. அடித்துவிட்டா மருந்தைக் கொடுப்பது?

வைத்தியரிடம் போகச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். இரண்டு வாரங்களாக, அநேகமாக ஒவ்வொரு நாளும் அப்படியே இருந்தால் கட்டாயம் போகத்தான் வேண்டும். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அவள் கேட்டது "சில நாட்கள்" பற்றி. கவனத்தை ஈர்க்கவே அப்படிக் கேட்டாள் என்று எழுதியவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒலிவாங்கியை இரண்டு மணிநேரம் விடாமல் பிடித்திருந்தவர் அவளல்லவே.

ஆனால் "எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் தாங்கினார்கள்" என்ற அந்தப் பேச்சை என்னால் கடந்துபோக முடியவில்லை. திருக்கடலூரில் எங்கள் அம்மம்மாவின் வீட்டுக்குள் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அவரும் தாங்கினார் என்றுதான் செத்தவீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு வாழ்ந்த எட்டு ஆண்டுகளும் அவர் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் கதிரையைப் போட்டார். நாங்கள் யாராவது மாற்றிப் போட்டால் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், திருப்பிப் போடுவார். காரணம் வேண்டும் என்கிறீர்களே, அவரிடம் ஊரளவு காரணம் இருந்தது. அப்போது எவர் போய், இன்றைய பொழுது எப்படிப் போகிறது அம்மா என்று கேட்டீர்கள்? நானும் கேட்கவில்லை. காரணம் இருந்தவரையும் கேட்கவில்லை, இல்லாதவளையும் சிரித்து உட்காரவைத்தோம்.

"சிரித்தோம்" என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தக் காணொளியில் மூன்றாவது வரிசையில் நீலச் சேலையுடன் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அது நான்தான். எனக்கு முன் வரிசையில்தான் அந்தப் பிள்ளை இருந்தாள். நிகழ்ச்சி முடியும்வரை அவளுடைய பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவள் ஒரு தடவையேனும் திரும்பவில்லை. காணொளியை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.