வரைவை முதலில் படித்தது யார்?

'சுயேச்சையான ஆய்வு நிறுவனம்' என்று பெயர்ப்பலகை மாட்ட யாரும் தடை சொல்லப்போவதில்லை. அதனாலேயே எந்த ஆய்வறிக்கை கைக்கு வந்தாலும் நிதி யார் கொடுத்தது என்றுதான் முதலில் தேடுவேன். இப்போது அதுவும் போதவில்லை.

1967-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று இரண்டு பகுதிகளாக வந்தது. இதயநோய்க்குக் கொழுப்பைக் கைகாட்டிவிட்டு, சர்க்கரையைப் பக்குவமாகத் தப்பவிட்டது. அதற்காக அமெரிக்க சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்த கதை 2016-ல்தான் வெளியே வந்தது, அதுவும் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் பழைய கடிதக் கட்டுகளைக் கிளறியதால். நிதி விவரம் சொல்லவேண்டும் என்று அந்த இதழ் கேட்க ஆரம்பித்ததே 1984-ல். ஆக, விதிமீறல் இல்லை! என்னை உறுத்துவது அந்தப் பணம்கூட அல்ல. வரைவு அச்சுக்குப் போகுமுன் பணம் கொடுத்தவர் மேசைக்குப் போயிருக்கிறது. நாங்கள் நினைத்தது இதேதான் என்று திருப்தியாகப் பதிலும் வந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் குழுக்கடன் பற்றிய ஒரு கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனேன். தவணை கட்ட நகையை அடகு வைத்தவர்கள், வேறு இடத்தில் வட்டிக்கு வாங்கியவர்கள் என்று ஒரு அட்டவணை தயாரானது. இறுதி அறிக்கையில் அது இல்லை. நிதி கொடுத்தவர்களுக்கு 'தொனி' பிடிக்கவில்லையாம். அவர்கள் பெயரோ அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. வெளிப்படைத்தன்மைக்கு ஒரு குறையும் இல்லை பாருங்கள்.

அதனால் நான் கேட்பது நிதி ஒப்பந்தத்தை. முடிவு பிடிக்காவிட்டால் வெளியீட்டை நிறுத்திவைக்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டா? வரைவைப் பார்த்தவர்கள் யார், அவர்கள் சொல்லி எது மாறியது? இதை அறிக்கையிலேயே அச்சிடட்டும். ஆட்களின் பெயர், ஊர் அடையாளத்தை எடுத்துவிட்டுத் தரவையும் பொதுவில் வைக்கட்டும். இப்படி எழுதிக்கொடுத்தால் நிதி வராது என்பார்கள். வராதுதான், சில இடங்களிலிருந்து. அந்த நிதி வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாதவர்கள் பலகையில் 'ஆலோசனை நிறுவனம்' என்று போட்டுக்கொள்ளலாமே, அதுவும் கௌரவமான தொழில்தான்.

அன்றைக்கு உலையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பதில் சொன்ன அக்கா ஒருவர் போன மாதம் பஸ்ஸில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "எழுதிக்கிட்டுப் போனியே தம்பி, என்ன ஆச்சு?" என்றார். அந்த அட்டவணையை எடுத்துட்டாங்கக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.