ஆக்சிஜன் சென்சாரைப் பிடுங்கினால் மைலேஜ் கூடுமா?

'பழைய காரில் ஆக்சிஜன் சென்சார் கெட்டால் வயரைப் பிடுங்கிவிடுங்கள், மைலேஜ் கூடும். மாற்றுவதென்றால் நாலு வயர் சென்சார் எதுவானாலும் போதும்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வயரைப் பிடுங்கினால் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தெரியாது. உத்தேசமாக, பெரும்பாலும் கூடுதலாகவே பெட்ரோலை விடும். மைலேஜ் குறையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெடலாம்.

வயர் எண்ணிக்கை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வகை வேறாக இருக்கலாம். சிர்கோனியா வகை தானே சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் தரும்; டைட்டேனியா வகையில் மின்தடைதான் மாறும். பழைய சென்சாரில் பொறித்த எண்ணை சர்வீஸ் மேனுவலோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், சென்சாரின் மரையில் சாதாரண சிலிக்கோன் பசை பூசுவது இன்னும் மோசம். அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள்.