‘மேற்பார்வையில் பணிபுரியலாம்’ சரி, யாருடைய மேற்பார்வையில்?

மருந்து கொடுத்ததில் ஒரு நர்ஸ் தவறு செய்கிறார். மெமோ, விளக்கக் கடிதம், விசாரணை எல்லாம் முடிந்து உத்தரவு வருகிறது: “பயிற்சி பெற்று, மேற்பார்வையில் பணிபுரிய வேண்டும்.” இந்த ஒற்றை வரியால் நர்ஸுக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை.

கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகச் சார்ட்டில் எழுதுவது பொய். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது, வகுப்பு எடுத்துத் தீராது. டோஸ் கணக்கில் தடுமாறுவது வேறு சங்கதி. அதிலும் எங்கே தடுமாறினார் என்று தோண்ட வேண்டும்.

60 கிலோ நோயாளி. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமைன் மருந்து, கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். சிரிஞ்சில் 50 மில்லிக்கு 200 மில்லிகிராம். மணிக்கு 18 மில்லிகிராம் போக வேண்டும், அதாவது 4.5 மில்லி. சிரிஞ்சிலிருந்து மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்பில் 45 என்று ஓடினால் பத்து மடங்கு. கணக்கிலேயே புள்ளி நழுவியதா? கணக்குச் சரியாக இருந்து, பம்பில் அழுத்தும்போது புள்ளி விழவில்லையா? முன்னதற்குக் கணக்குப் பயிற்சி. பின்னதற்கு அந்த பம்பிலேயே பழக்க வேண்டும். இரண்டுக்கும் ‘புத்தாக்கப் பயிற்சி’ என்று உட்காரவைத்து, கைகளைச் சுத்தமாகக் கழுவும் முறை பற்றி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதும் நடக்கிறது! அதே வார்டில் மற்றவர்களும் அதே பம்பில் அதே தவறைச் செய்கிறார்கள் என்றால், ஒருவருக்கு மட்டும் நிபந்தனை போடுவது கண்துடைப்பு.

நிபந்தனை என்றால் இப்படி இருக்கட்டும்: நரம்பு வழி (ஐ.வி.) இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகளை நேரடி மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாது. தனியாக நைட் டியூட்டி கிடையாது. எத்தனை முறை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், மறுஆய்வு எந்தத் தேதியில், இரண்டும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். ‘நேரடி’ என்றால் மருந்து எடுப்பதிலிருந்து பம்ப் ஓடுவது வரை பக்கத்தில் நிற்பது என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கட்டடத்தில் இருக்கும் சூப்பரின்டெண்டன்ட் பெயர் மேற்பார்வையாளர் கட்டத்தில் ஏறிவிடும்.

அப்படி நிற்பவருக்கு அந்த ஷிப்டில் நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்காமல் இதைக் கேட்பது அநியாயம். இருவர் சரிபார்க்கும் டபுள் செக்கும் அவசரத்தில் சடங்காகிவிடும். “4.5 தானே சிஸ்டர்?” “ஆமா, ஆமா.” இது செக்கே இல்லை. இரண்டாமவர் விடையைக் கேட்காமல், ஆர்டரைப் பார்த்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். இருவர் விடையும் பொருந்தினால்தான் பம்பைத் தொடலாம்.

மறுஆய்வுக்கு வரும் பதிவேட்டையும் கவனிக்க வேண்டும். மூன்று மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டது போலிருந்தால் ஏற்கக்கூடாது. மேற்பார்வைக் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால், அந்த நீட்டிப்பை நர்ஸின் கணக்கில் குறையாக எழுதக்கூடாது. கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.