அம்மாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்

போன மாதம் அம்மாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மதுரைக்குள்தான், எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் "கேஒய்சி குடுத்தாச்சா?" என்றார். "அப்படின்னா என்னப்பா?" என்று அம்மா கேட்டார். "கேஒய்சி கூடத் தெரியாதா? இவ்வளவு இக்னரன்ட்டா இருக்கீங்களேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இக்னரன்ட் என்ற அந்த ஆங்கிலச் சொல் அம்மாவுக்குப் புரியவில்லை. சொன்ன தொனி புரிந்தது. பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். மாட்டுத்தாவணி வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் பிழைப்பு. ஒத்தக்கடையில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதே வாரம் ஒரு தம்பி சொற்பட்டியலில் ஒரு சொல்லைக் காட்டி, "சார், இது சயின்ஸுக்கு எதிர்ச்சொல்லா?" என்று கேட்டான். நெஸியன்ஸ் என்ற சொல். அவன் அதை நெ-சயின்ஸ் என்று வாசித்திருந்தான். உச்சரிப்புதான் தப்பு, யூகம் அருமையான யூகம். லத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். சயின்ஸ் அதிலிருந்து வந்தது. மனசாட்சியைச் சொல்லும் கான்ஷியன்ஸும் அதிலிருந்துதான் வந்தது. முன்னால் 'நெ' என்ற மறுப்பு சேர்ந்தால் நெஸியன்ஸ், அறியாதிருத்தல்.

அப்படியானால் இக்னரன்ஸ்? அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் அறியாமை என்றே இருக்கும். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இத்தாலிய இறையியலாளர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். அறிவு வெறுமனே இல்லாதிருப்பது நெஸியன்ஸ். ஒருவர் இயல்பாக அறியக்கூடியதை அறியாமல் இருப்பது இக்னரன்ஸ். அதிலும்கூட, தெரிந்துகொண்டே ஆக வேண்டியதைக் கவனமில்லாமல் விட்டவர் மேல்தான் குற்றம் என்கிறார். வடிவகணிதத் தேற்றம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது அவரே சொல்லும் உதாரணம்.

இதை வைத்து அந்தக் கவுன்ட்டரை நினைத்துப் பாருங்கள். கேஒய்சி என்பதை விரித்தால், 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்' என்று வரும். அது அலுவலகத்துக்கு இட்ட கட்டளை, அம்மாவுக்கு இட்டதில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் போனதில் குற்றமே இல்லை. எதிரில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்வதுதான் தன் வேலை என்பது தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் குற்றம்.

நெஸியன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அந்தத் தம்பி விடாமல் கேட்டான். கரும்பலகையில் அறியாமை என்று எழுதிப் பிரித்துக் காட்டினேன். அறி, ஆ, மை. நடுவில் இருக்கும் 'ஆ' மறுப்பு. லத்தீன் சொல்லின் எலும்பும் இதன் எலும்பும் ஒன்று. திட்டு எதுவும் அதற்குள் இல்லை. 'அறிதோறு அறியாமை கண்டற்றால்' என்று வள்ளுவர் சொல்லும்போதும் யாரையும் இழித்துச் சொல்லவில்லை. அறிய அறிய, இதுவரை அறியாதது தெரியவருகிறது என்கிறார், அதுவும் காமத்துப்பாலில், காதலுக்கு உவமையாக. திட்டுவதற்கு நம்மிடம் மடமை என்ற சொல் தனியாக இருக்கிறது. இரண்டையும் கலந்து, அறியாமை என்றாலே அவமானம் என்று ஆக்கிவிட்டோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சொற்கள் இப்படித் தடம் மாறுவதும் உண்டு. ஆங்கில 'நைஸ்' அதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதற்கு முட்டாள் என்று பொருள். அப்புறம் கூச்சம், நுணுக்கம் என்று நகர்ந்து இன்று நல்லது என்பதில் நிற்கிறது. நம் பக்கம் பாருங்கள். திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வெண்மை என்பது அறிவில்லாமை: 'வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு.' எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர்தான் அறிவின்மை என்கிறார். எங்கள் ஊரில் வெள்ளை மனசுக்காரர் என்றால் அது பாராட்டு. வெள்ளந்தியான ஆளு என்று சொல்லும்போது குரலே இளகிவிடும். சூது தெரியாதவர் என்ற அந்தத் தெரியாமையைத்தான் மெச்சுகிறோம். கவுன்ட்டரில் நடந்ததற்கு இரண்டு வெள்ளையும் பொருந்தும். அம்மாவிடம் இருந்தது ஒன்று, அவரிடம் இருந்தது இன்னொன்று.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். நெஸியன்ஸ் பேச்சில் புழங்கும் சொல் இல்லை. தத்துவம், இறையியல் எழுதுகிறவர்கள் கையாள்வது. வேதாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள், மெய்ப்பொருளை அறியாமையைக் குறிக்கும் அவித்யைக்கு அதைப் போட்டிருக்கிறார்கள்.   நேர்முகத் தேர்வில் இந்தச் சொல்லை வலிந்து நுழைக்காதீர்கள். ஆனால் இக்னரன்ட் என்று ஒருவரைச் சொல்ல வாய் வரும்போது, அவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவரா என்று மட்டும் ஒரு நொடி யோசியுங்கள். 'இதுகூடத் தெரியாதா' என்று நானும் வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அம்மாவே கேட்டார். "அந்தக் கேஒய்சின்னா என்னடா?"

"நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னு அவங்க தெரிஞ்சுக்கிறதும்மா. ஆதார் நகலும் ஒரு போட்டோவும் குடுக்கணும்."

"இவ்வளவுதானா? இதை அந்தக் கவுன்ட்டர் தம்பியே சொல்லியிருக்கலாமே" என்றார்.