எலிக்கு நோய் தந்தது மன அழுத்தமா?

‘மன அழுத்தமே மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும்) நோயை உண்டாக்குகிறது, எலிகளில் நிரூபணம்’ என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பாதிக் கதை.

அந்தச் சுண்டெலிகளின் மூளையில் முதலில் தெய்லர் வைரஸைச் செலுத்தினார்கள். நரம்பின் மேலுறையான மையலினைச் சிதைக்கும், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸை ஒத்த நோய் அதனால்தான் தொடங்கியது. தொற்றின் ஆரம்பத்தில் குழாய்க்குள் அடைத்து வைத்து மன அழுத்தம் தரப்பட்ட எலிகளில் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, வைரஸ் பெருகி, பின்னாளில் நோய் கடுமையானது. ஆனால் கூண்டுக்குள் முரட்டு எலியை விட்டுத் தந்த அழுத்தத்தின் விளைவு வேறு: தொற்றுக்கு முன் என்றால் நோய் முற்றியது, தொற்றோடு சேர்ந்து வந்தபோது தணிந்தது! பகிர்பவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

மனிதர்களில் வலுவான சந்தேகம், பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் தொற்றும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் மீதுதான். 2022இல் வெளியான அமெரிக்க ராணுவத்தினர் பற்றிய ஆய்வில், அத்தொற்றுக்குப் பின் நோய் அபாயம் 32 மடங்கு உயர்ந்திருந்தது.